பென்டியத்துக்குள் ஒரு டிவி கேம்

சேலத்தில் 1990-களில் டிவி கேம் விளையாடி வளர்ந்தவர்கள் பார்த்த மாரியோ, ஜப்பான் பிள்ளைகள் பார்த்த மாரியோவைவிட மெதுவாக ஓடினார். காரணம் டிவியில் இருக்கிறது. நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டி 1983-ல் ஜப்பானில் வந்தது. அந்த நாட்டு டிவி விநாடிக்குச் சுமார் 60 முறை படம் வரையும். நம் ஊர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை. விநாடிக்கு 50 முறைதான். நம் வீடுகளுக்கு வந்த பெட்டிகள் பெரும்பாலும் ஃபேமிகாமைப் பார்த்து தைவானிலும் சீனாவிலும் செய்த நகல்கள், பால் டிவிக்கு ஏற்றபடி மாற்றியவை. அந்தக் காலத்து விளையாட்டு நிரல்களோ ஒரு படத்துக்கு இவ்வளவு நகர வேண்டும் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. படம் குறைந்தால் ஓட்டமும் குறையும். அங்கே மாரியோ 5 விநாடியில் கடந்த தூரத்துக்கு இங்கே 6 விநாடி ஆனது. பின்னணி இசையின் தாளமும் அதே அளவுக்குத் தளர்ந்தது.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. டிடிபி சென்டரிலோ பிரவுசிங் சென்டரிலோ வேலை பார்த்த அண்ணன் யாராவது அதே மாரியோவை பென்டியம் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினால், "கம்ப்யூட்டர்ல ரொம்ப ஸ்பீடா ஓடுதுடா" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். கருவி வேகமானது, அதனால் ஆட்டமும் வேகம் என்று நினைத்துக்கொண்டோம். உண்மையில் அதுதான் அசல் வேகம். கேசட் செருகி விளையாடிய பெட்டி காட்டாத வேகத்தை, அந்தப் பெட்டியைப் போல நடிக்கும் ஒரு நிரல் காட்டியது.

அந்த நிரல்தான் எமுலேட்டர். இன்றைய லேப்டாப்பிலும் போனிலும் எமுலேட்டர் ஓடுவதில் பெரிய அதிசயம் இல்லை. நான் சொல்ல வருவது வேறு: 486, பென்டியம் போன்ற பழைய கணினிகளிலேயே, அவற்றுக்கென்று எழுதப்பட்ட பழைய எமுலேட்டர்களை ஓட்டுவது. இதை வெறும் பழைய நினைப்பு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெஸ்டிகிள், இசட்ஸ்நெஸ் போன்றவை தாமே வரலாற்றில் இடம்பிடித்துவிட்ட நிரல்கள். எந்தக் கருவியின் போதாமையோடு மல்லுக்கட்டி அவை எழுதப்பட்டனவோ, அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் கைவேலை தெரியும்.

எமுலேட்டர் விளையாட்டுக்காகப் பிறந்ததும் அல்ல. ஐபிஎம் நிறுவனம் 1964-ல் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது, அதன் பழைய 1401 கணினியில் சம்பளப் பட்டியலும் சரக்கிருப்பும் ஓட்டிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் ஏராளம். எல்லா நிரலையும் திருப்பி எழுது என்றால் யாரும் புதிய கணினியை வாங்க மாட்டார்கள். அதனால் புதியது பழையதின் கட்டளைகளைப் புரிந்துகொண்டு நடக்கும்படி செய்தார்கள். சேலம் லீ பஜாரில் ஒரு மண்டிக்காரர், விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும், பல வருடமாகக் கை பழகிய கணக்கு நிரலை விடவே மாட்டேன் என்று டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடு உட்கார்ந்திருந்தால், அவருடைய காரணமும் இதுதான்.

சரி, எமுலேட்டர் எப்படி வேலை செய்கிறது? ஃபேமிகாமின் மூளை 6502 என்ற சிப்பின் வழிவந்தது. அதன் கட்டளைகள் பென்டியத்துக்குப் புரியாது. எமுலேட்டர் ஒவ்வொரு கட்டளையாக எடுத்து, இது கூட்டலா, தாவலா, நினைவகத்தில் எழுதுவதா என்று பார்த்து, அதே பலன் வரும்படி பென்டியத்தின் கட்டளைகளால் செய்து முடிக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்க வரும் வடநாட்டு வியாபாரியோடு நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேரம் பேசுவது போலத்தான். பேச்சு நடக்கும், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூடுதல் நேரம் ஆகும். அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் எமுலேட்டர் எழுதுகிறவரின் தலைவலி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தலைவலியின் அளவு புரியும். ஃபேமிகாம் சிப்பின் வேகம் விநாடிக்கு 17.9 லட்சம் துடிப்பு, அதாவது 1.79 மெகாஹெர்ட்ஸ். 1992-ல் வந்த 486 டிஎக்ஸ்2 சிப் 66 மெகாஹெர்ட்ஸ். வகுத்தால், ஃபேமிகாமின் ஒரு துடிப்புக்கு 486-ன் கையில் இருப்பது 37 துடிப்பு. தாராளமாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் ஃபேமிகாமில் படம் வரைய தனி சிப் ஒன்று உண்டு. மூளை ஒரு முறை துடிக்கும் நேரத்தில் அது மூன்று புள்ளிகளைக் கடந்துவிடும். ஆக ஒரு புள்ளிக்கு 486-க்குக் கிடைப்பது வெறும் 12 துடிப்பு. அதற்குள் கட்டளையைப் படிக்க வேண்டும், பின்னணி எது, முன்னால் நிற்கும் உருவம் எது என்று பார்க்க வேண்டும், நிறம் தேட வேண்டும், திரை நினைவகத்தில் எழுத வேண்டும், ஒலியையும் தயார் செய்ய வேண்டும். முடியாது.

முடியாது என்று தெரிந்ததும் எமுலேட்டர் எழுதியவர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. புள்ளி புள்ளியாகப் பின்தொடர்வதை விட்டுவிட்டார்கள். திரையின் ஒரு கிடைவரிக்கு ஃபேமிகாமின் மூளை சுமார் 113 துடிப்பு வேலை செய்யும். அந்த 113 துடிப்புக்கான கட்டளைகளை முதலில் ஒரே மூச்சில் ஓட்டிவிடுவது. பிறகு அந்த வரியை மொத்தமாக வரைந்து தள்ளுவது. ஒரு வரிக்கு ஒரு முறை மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் போதும்.

இது ஏன் போதுமானதாக இருந்தது என்பதற்கு மாரியோவையே பார்க்கலாம். மேலே ஸ்கோர், காசு, நேரம் காட்டும் பட்டை அசையாமல் நிற்க, கீழே உலகம் மட்டும் நகர்கிறது. ஃபேமிகாமில் திரை முழுவதும் ஒன்றாகத்தான் நகரும். பாதியை நிறுத்தி வைக்க நேரடி வசதி கிடையாது. அதனால் விளையாட்டை எழுதியவர்கள், மேல் பட்டையில் உள்ள காசுப் படத்தின் அடிப்பகுதியில் ஒரு சின்ன உருவத்தை ஒளித்து வைத்தார்கள். படம் வரையும் சிப் அந்த உருவம் இருக்கும் இடத்துக்கு வந்ததும் அதற்குள் ஓர் அடையாளக் கொடி உயரும். மூளை அந்தக் கொடிக்காகக் காத்திருந்து, அது உயர்ந்த பிறகுதான் நகர்வின் அளவை மாற்றும். மேலே நிற்கிறது, கீழே ஓடுகிறது. வரிக்கு வரி ஒத்துப்போகும் எமுலேட்டரில் இந்தத் தந்திரம் சரியாகவே நடக்கும். வரியின் நடுவில் மாற்றம் செய்யும் விளையாட்டுகள்தான் தடுமாறும். திரை துடிக்கும், சில சமயம் அப்படியே உறைந்துவிடும். அப்படிப்பட்டவை குறைவு என்பதால் பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளவில்லை.

இந்த வித்தையை ஊரறியச் செய்தது 1997 ஏப்ரலில் வந்த நெஸ்டிகிள். பிளட்லஸ்ட் சாஃப்ட்வேர் என்ற பெயரில் ஐசர் ஆடிஸ் என்பவர் எழுதி இலவசமாக வெளியிட்டது. டாஸில் ஓடும். மவுஸ் குறியே ரத்தம் சொட்டும் ஒரு கைதான், விடலைத்தனமான அலங்காரம். ஆனால் உள்ளே இருந்தது பக்குவமான வேலை. அதற்கு முந்தைய வருடமே மராத் ஃபைசுலின் ஐநெஸ் என்ற எமுலேட்டரை எழுதியிருந்தார். கேசட்டின் உள்ளடக்கத்தைச் சேமிக்க அவர் வகுத்த கோப்பு வடிவத்தில் முன்னால் 16 பைட் தலைப்பு இருக்கும். இன்றைக்கும் எல்லா ஃபேமிகாம் எமுலேட்டரும் அதைத்தான் படிக்கின்றன. நெஸ்டிகிள் சேர்த்தது வேகமும் வசதியும். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திச் சேமிக்கலாம், ஆடியதைப் பதிவு செய்யலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவங்களின் புள்ளிகளை மாற்றி வரையலாம். ரசிகர்கள் பழைய விளையாட்டுகளைத் திருத்தி எழுதும் பழக்கம் பரவியதில் இந்தக் கடைசி வசதிக்குப் பெரிய பங்கு உண்டு.

1997 எமுலேட்டர்களின் வருடம் என்றே சொல்லலாம். பிப்ரவரியில் நிக்கோலா சால்மோரியா, காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டுகளுக்காக மேம் நிரலின் முதல் பதிப்பை வெளியிட்டார். அக்டோபரில், ஃபேமிகாமுக்கு அடுத்த பெட்டியான சூப்பர் நிண்டெண்டோவுக்கான இசட்ஸ்நெஸ் வந்தது. இதன் மையப் பகுதி முழுக்க அசெம்பிளி மொழி, அதாவது சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே அடுக்கியது. சூப்பர் நிண்டெண்டோவில் மூளை ஒன்று, ஒலிக்குத் தனி மூளை இன்னொன்று, போதாததற்குச் சில கேசட்டுக்குள்ளேயே கூடுதல் சிப். இத்தனையையும் ஒரு பென்டியம் சுமக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

அதற்குக் கொடுத்த விலை பின்னால்தான் தெரிந்தது. அசல் சூப்பர் நிண்டெண்டோ, திரை வரையப்படும் நேரத்தில் பட நினைவகத்தில் எழுத விடாது. இசட்ஸ்நெஸ் அந்தக் கட்டுப்பாட்டைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவில்லை. அந்த நாளில் ரசிகர்கள் ஜப்பானிய விளையாட்டுகளை மொழிபெயர்த்தபோது இசட்ஸ்நெஸில் மட்டும் சோதித்தார்கள். அங்கே எழுத்துகள் நன்றாகத் தெரிந்தன. அதே நிரலை அசல் பெட்டியில் போட்டால் எழுத்துகள் சிதறின. பிற்பாடு வந்த பிஎஸ்நெஸ் என்ற எமுலேட்டர் அசல் பெட்டியின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் பின்பற்றியது, ஆனால் அதை முழு வேகத்தில் ஓட்ட சுமார் 3 கிகாஹெர்ட்ஸ் சிப் தேவைப்பட்டது. ஒரே விளையாட்டு, ஒரே படம். அன்றைக்கு 200 மெகாஹெர்ட்ஸில் நடந்தது, துல்லியம் வேண்டும் என்றதும் பதினைந்து மடங்கு கேட்டது. மேமும் அப்படித்தான், புதிய பதிப்புகள் துல்லியமாகின, கூடவே கனத்தன. அதனால் பழைய கணினி வைத்திருப்பவர் தேட வேண்டியது அந்தக் காலத்துப் பதிப்பு. அந்த நாளில் இசட்ஸ்நெஸுக்காகச் செய்த மொழிபெயர்ப்புகளை அவர்கள் பார்த்தபடி பார்க்க, இன்றும் அந்த இசட்ஸ்நெஸ்தான் வேண்டும்.

இதையெல்லாம் புதிய கணினியிலேயே ஓட்டக் கூடாதா? நெஸ்டிகிள் டாஸ் நிரல். 64 பிட் விண்டோஸ் பழைய டாஸ் நிரல்களை ஏற்பதே இல்லை. பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரலைப் போட்டு ஓட்டலாம். அப்போது எமுலேட்டருக்குள் எமுலேட்டர். ஓடும், ஆனால் நான் மேலே சொன்ன 12 துடிப்புப் போராட்டம் எங்கோ மறைந்துபோகும். தவிர, திரை விஷயம் ஒன்று இருக்கிறது. டாஸ் விளையாட்டுகள் வழக்கமாகப் பயன்படுத்திய 320-க்கு 200 விஜிஏ திரை விநாடிக்கு 70 முறை புதுப்பிக்கப்படும். 60 படம் வரும் ஆட்டத்தை 70 முறை வரையும் திரையில் காட்டினால் நகர்வு விட்டு விட்டுத் தெரியும். அதனால் எமுலேட்டர் எழுதியவர்கள் படம் காட்டும் விஜிஏ கார்டின் உள் அமைப்புகளை நேரடியாக மாற்றி, ஃபேமிகாமின் 256-க்கு 240 அளவிலேயே, 60-க்கு அருகில் ஒரு திரையை உண்டாக்கினார்கள். டிவி போலப் பின்புறம் நீண்ட பழைய மானிட்டர் அதற்கு அப்படியே இசைந்துகொடுக்கும். தட்டை மானிட்டரில் அதைக் கொடுத்தால் இழுத்துப் பெரிதாக்கிக் குழப்பிவிடும், சில மானிட்டர்கள் ஏற்கவே ஏற்காது.

அன்றைய கார்டுகளின் வேறுபாடும் இங்கேதான் தெரியும். 256-க்கு 240 என்றால் 61,440 புள்ளி. விநாடிக்கு 60 முறை என்றால் 36 லட்சம் பைட்டுக்கு மேல். போர்டின் பழைய, மெதுவான ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகும் விஜிஏ கார்டில் இந்தப் பாரத்தை ஏற்றினாலே மூச்சு வாங்கும். பின்னால் வந்த வேகமான பிசிஐ ஸ்லாட்டில் செருகும் கார்டில் இது ஒரு பொருட்டே இல்லை. அதே சிப், வேறு விஜிஏ கார்டு, ஒன்றில் தடுமாற்றம் மற்றொன்றில் வழுக்கிக்கொண்டு போகும் ஓட்டம் என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஒலியில் நிலைமை நேர்மாறு, பழையதுதான் நல்லது. டாஸ் நிரல்கள் சவுண்டு பிளாஸ்டர் கார்டோடு நேரடியாகப் பேசும்: முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் முடிந்தது. 2000-க்குப் பிறகு வந்த மதர்போர்டுகளில் உள்ளேயே இருக்கும் ஏசி97 ஒலிக்கு இந்தப் பேச்சு புரியாது. விண்டோஸில் பாடும், டாஸில் ஊமை. என்னிடம் இருப்பது 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் எம்எம்எக்ஸ். அதில் ஒரு ஐஎஸ்ஏ சவுண்டு கார்டு போட்டிருக்கிறேன். நெஸ்டிகிள் முழு ஒலியோடு அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது. இசட்ஸ்நெஸ் நடுவில் சில படங்களைத் தவிர்த்துக்கொண்டு ஓடுகிறது. புகை, நீர் போன்ற ஒளி ஊடுருவும் காட்சி வந்தால் திணறுவது கண்ணுக்குத் தெரியும். அந்தத் திணறலைப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய சுமை என்பதும் உறைக்கிறது.

இன்னும் பழைய கணினி வேண்டுமா என்றால், விளையாட்டைப் பொறுத்தது. 1984-ல் இந்தியப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. 2 மெகாஹெர்ட்ஸ், 32 கேபி நினைவகம், மூளை அதே 6502. அதில் முதன்முதலாக பேசிக் (BASIC) என்ற நிரல்மொழியைக் கற்றவர்கள் இன்று ஐம்பதைக் கடந்திருப்பார்கள். பிபிசி மைக்ரோவுக்கான பீப்எம் எமுலேட்டரின் பழைய பதிப்பை விண்டோஸ் 98 இருக்கும் ஒரு பென்டியத்தில் போட்டால் அந்தத் திரையை மீண்டும் பார்க்கலாம். ஸ்பெக்ட்ரம் என்ற பிரிட்டிஷ் வீட்டுக் கணினிக்கு கெர்டன் லுன்டர் எழுதிய இசட்80 என்ற டாஸ் எமுலேட்டர் இன்னும் சிறிய கருவிக்கானது. ஆனால் நிண்டெண்டோ 64 வேண்டும் என்று பென்டியத்திடம் கேட்கக் கூடாது. 1999 ஜனவரியில் வந்த அல்ட்ராஹெச்எல்இ என்ற எமுலேட்டர் அதைச் சாதித்தது பென்டியம் 2-ஓடு 3டிஎஃப்எக்ஸ் என்ற முப்பரிமாணப் பட கார்டும் சேர்ந்த கருவியில்.

வேகம் கூடினாலும் சிக்கல்தான். டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய டாஸ் நிரல்கள் பல, 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கணினியில் தொடங்கும்போதே 'ரன்டைம் எரர் 200' என்று நின்றுவிடும். கணினியின் வேகத்தை அளக்கும் ஒரு கணக்கில், வேகம் அதிகமானதால் விடை அடங்காமல் போவதே காரணம்.

இப்போது கருவி. சேலத்தில் பழைய கணினிகள் போய்ச் சேரும் இடம் பழைய இரும்புக் கடை. அங்கே கேபினெட்டுக்கு ஒரு விலை, போர்டுக்கு ஒரு விலை, எல்லாம் கிலோ கணக்கு. பீங்கான் உடல் கொண்ட 486, ஆரம்பகால பென்டியம் சிப்புகளில் தங்கம் கூடுதல் என்பதால் அவைதான் முதலில் உருக்கப்படுகின்றன. வேகம் குறைந்த, எமுலேட்டர் வரலாற்றுக்கு மிகத் தேவையான கருவியே முதலில் அழிகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கிடைத்ததை உடனே ஆன் செய்யாதீர்கள். முதலில் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பின்புறம் உள்ள சின்ன சிவப்பு சுவிட்ச் 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள். 115-ல் இருந்தால் நம் மின்சாரம் ஒரு நொடியில் அதை வெடிக்க வைத்துவிடும். பழைய ஏடி வகையில் போர்டுக்குப் போகும் இரண்டு இணைப்புகளைச் செருகும்போது கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றாகச் சேர வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போச்சு. அப்புறம் பேட்டரி. 386, 486 போர்டுகளில் உருளை வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சால்டர் செய்திருப்பார்கள். அது கசிந்து, பச்சை படிந்து, செம்புக் கோடுகளைத் தின்றிருக்கும். வெட்டி எடுத்துவிட்டு, வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தால் பல போர்டுகள் பிழைக்கும். பென்டியம் போர்டுகளில் பெரும்பாலும் காசு போன்ற சிஆர்2032 பேட்டரிதான். கடையில் வாங்கி மாற்றிவிடலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்ப முடியாது. ஐடிஇ இணைப்பில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைப் பொருத்தும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது. 486 காலத்து பயாஸ், அதாவது கணினியைத் தொடங்கி வைக்கும் உள் நிரல், 504 எம்பிக்கு மேல் பார்க்காது என்பதால் பெரிய கார்டு வாங்கிப் பயனில்லை. டாஸ் எமுலேட்டர்களுக்கு அந்த இடமே ஏகப்பட்டது. டாஸுக்கு இலவசமான ஃப்ரீடாஸ் போதும்.

ஏற்காட்டில் கதை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரம், மாதக்கணக்கில் மூடுபனி. எஸ்டேட் அலுவலகங்களிலும் உறைவிடப் பள்ளிகளிலும் இருந்த கணினிகள் வெயிலில் வதங்கவில்லை, ஈரத்தில் வாடின. கார்டுகளின் பொன்முலாம் பூசிய விளிம்பு மங்கியிருக்கும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தாலே பாதி கோளாறு சரியாகிவிடும். மானிட்டருக்குள் உயர் மின்னழுத்தப் பகுதியில் ஈரத் தூசி படிந்திருந்தால் ஆன் செய்ததும் 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும்; உடனே நிறுத்திவிட வேண்டும். அதைத் திறப்பது விவரம் தெரிந்த டிவி மெக்கானிக்கின் வேலை, நம்முடையது அல்ல. மார்கழிக் குளிரில் மலையிலிருந்து ஒரு கணினியை இறக்கிக்கொண்டு வந்தால், இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே சேலத்தின் வெதுவெதுப்பான காற்றில் அதன் குளிர்ந்த உலோகம் வியர்க்கும். மூடிய பெட்டியிலேயே ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுநாள் ஆன் செய்வதுதான் பாதுகாப்பு.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. எமுலேட்டர் எழுதுவது குற்றமல்ல. சோனி தொடுத்த வழக்கில் 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பிளேஸ்டேஷனுக்கு எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கம் நின்றது. விளையாட்டுக் கோப்புகள் வேறு விஷயம், அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. முறையாகக் கையில் வைத்திருக்கும் நிரலுக்குக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. இன்றும் சிலர் ஃபேமிகாமுக்குப் புதிதாக விளையாட்டு எழுதி இலவசமாகத் தருகிறார்கள். பழைய எமுலேட்டரைச் சோதிக்க அவையே போதும்.

மலையிலும் ஊரிலும் பள்ளிகள் பழைய லேபைக் காலி செய்வது பெரும்பாலும் கோடை விடுமுறையில். உங்களுக்குத் தெரிந்த பள்ளியில், அலுவலகத்தில், கணினிகளைக் கழித்துக்கட்டப் போகிறார்கள் என்றால், கிலோ கணக்கு ஆள் வருவதற்கு முன் ஒரு முறை போய்ப் பாருங்கள். முழு கேபினெட் தூக்க முடியாவிட்டால் ஐஎஸ்ஏ சவுண்டு கார்டு, பிசிஐ விஜிஏ கார்டு, பீங்கான் சிப் இருந்தால் அது, மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் இன்னும் சுழல்கிறதென்றால், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு அதில் இருக்கும் கேம்ஸ் போல்டரைப் பார்மட் செய்யும் முன் நகலெடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு மாணவர் 1998-ல் போட்டு வைத்த நெஸ்டிகிள் அதில் இருக்கலாம்.